அறியாமைச் சான்றிதழ்

சூளகிரியைத் தாண்டிக் குருபரப்பள்ளி போகிற வழியில் ஒரு பேருந்து நிறுத்தம் உண்டு. அரசாங்க வரைபடத்தில் அதற்குப் பெயர் கிடையாது. ஆனால் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் எந்த பஸ்ஸிலும் அந்த இடம் வந்ததும் கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு, "துப்பாக்கிக் கம்பெனி எல்லாம் எறங்குங்க" என்பார். எதிரே டீக்கடை போட்டிருக்கும் வெள்ளையம்மா தன் கடைக்கு 'துப்பாக்கி டீ ஸ்டால்' என்று போர்டு மாட்டியிருந்தாள். ராகிக் கொல்லையில் களை எடுக்கும் பெண்களுக்கும், தக்காளி லாரி ஓட்டுகிறவர்களுக்கும், ஆடு மேய்க்கிறவர்களுக்கும் அந்தக் கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். தெரியக் கூடாது என்று விதிக்கப்பட்டவர்கள் உள்ளே வேலை செய்தவர்கள் மட்டும்தான்.

பரமசிவம் அந்த நிறுத்தத்தில் இறங்குவதில்லை. பாதுகாப்பு விதி நான்கு, உட்பிரிவு இரண்டின்படி அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, யாரும் பார்க்காதபடி கொல்லை வரப்புகளில் ஒரு கிலோமீட்டர் திரும்பி நடந்து வர வேண்டும். "அண்ணே, துப்பாக்கிக் கம்பெனி போயிருச்சே, தூங்கிட்டீங்களா?" என்று பஸ்ஸில் யாராவது அக்கறையோடு கேட்பார்கள். "நான் அங்கே இல்லைங்க" என்று அவன் சொல்வான். பதினாலு மாதமாக இப்படி. வரப்பில் நடக்கும்போது களை எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "துப்பாக்கிக்காரரு போறாரு, மணி எட்டாச்சு" என்று பேசிக்கொள்வார்கள்.

கழுகுமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன் அவன். மனைவி ராசாத்தியும் மகள் வினிதாவும் ஊரில் இருந்தார்கள். ஓசூர் ராயக்கோட்டை சாலையில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி, அந்தக் கம்பெனியில் எட்டு வருடம் மோட்டார் பைக் எஞ்சினுக்கான சின்னச் சின்னப் பாகங்களைச் செய்துகொண்டிருந்தான். அப்போதெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருவான். சாலையில் போகிற பைக்கைப் பார்த்து, "அதோட வயித்துக்குள்ள ஒரு துண்டு நான் செஞ்சது" என்று மகளிடம் காட்டுவான். அவளும் நம்பி வண்டிக்கு டாட்டா காட்டுவாள்.

இரண்டாயிரத்து ஐந்தில் கம்பெனிக்கு ராணுவத் துப்பாக்கியின் ஓர் உதிரிபாகத்தைச் செய்யும் வேலை வந்தது. அதோடு, பெண்ணோடு வந்த மாமியார் மாதிரி, படைக்கல உதிரிபாக இரகசியக் காப்பு இயக்குநரகமும் வந்தது. அதன் துணைக் கண்காணிப்பாளர் பூபதி முதல் நாளே தொழிலாளர்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"நாட்டோட பாதுகாப்பு எதுல இருக்கு? எல்லாரும் துப்பாக்கின்னு சொல்லுவீங்க. தப்பு. துப்பாக்கி எவன்கிட்ட வேணா இருக்கும். பாதுகாப்பு ஃபைல்ல இருக்கு. ஃபைல் பூட்டுல இருக்கு. பூட்டுச் சாவி என்கிட்ட இருக்கு. அந்தச் சாவி எங்க இருக்குன்னு போன வாரத்துல இருந்து எனக்கே தெரியல. இதைவிடப் பாதுகாப்பு வேற என்ன வேணும்?"

கை சுத்தமாக வேலை செய்கிறவன் என்பதால் மேலாளர் அசோக்குமார் பரமசிவத்தைப் பொறுக்கி எடுத்தார். தகரத்தால் நாலு பக்கமும் அடைத்த ஒரு அறைக்குள் அவனை உட்கார வைத்தார்கள். ஜன்னல் கிடையாது. வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை அடித்துவிட்டு '17' என்று எழுதினார்கள். அவன் செய்யும் பொருளின் பெயர் 'பொருள் 17'. மெஷினில் வெட்டிய துண்டுகள் சுவரில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வரும். அவன் சாணைக்கல்லில் அதன் வாயைத் தீட்டி, அளவு பார்த்து, இன்னொரு ஓட்டை வழியாக வெளியே தள்ள வேண்டும். ஓட்டைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கக் கூடாது. சில நாள் அந்தப் பக்கம் இருப்பவர் இருமுவார். பரமசிவமும் பதிலுக்கு ஒருமுறை இருமுவான். அந்த வருடத்தில் அவன் பேசிய பேச்சில் பாதி அதுதான்.

பொருள் 17 ஒரு கொக்கி. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அளவு பார்ப்பதற்குப் 'பொருள் 18' என்று ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதன் உடம்பு முழுக்கத் துணி சுற்றித் தைத்து, அடிப்பாகத்தை மட்டும் வெளியே தெரிய விட்டிருந்தார்கள். பித்தளை அடிப்பாகம், சுற்றிலும் ஒரு விளிம்பு, விளிம்புக்கு மேலே ஒரு பள்ளம். காலித் தோட்டா என்பது கண்ணில்லாதவனுக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை இயக்குநரகம் நூலும் ஊசியும் கொண்டு நேர்த்தியாகச் செய்திருந்தது.

பேச ஆள் இல்லாத மனிதன் கையில் இருக்கிற பொருளோடு பேச ஆரம்பித்துவிடுகிறான். கொக்கியின் வாய் அந்தப் பள்ளத்தில் போய் உட்காருகிறதென்றால், அது தோட்டாவைப் பிடித்து இழுக்கிற கொக்கி. இழுக்க வேண்டுமென்றால் அது பின்னுக்குப் போகிற ஏதோ ஒன்றின் நெற்றியில் இருக்க வேண்டும். அதைப் பின்னுக்குத் தள்ளுவது எது? எட்டு வருடம் எஞ்சின் பாகம் செய்தவனுக்கு அது பெரிய கணக்கில்லை. பைக்கில் பெட்ரோல் வெடித்து பிஸ்டனைத் தள்ளுகிற மாதிரி, இங்கே மருந்து வெடித்த புகையில் கொஞ்சம் குழாயின் ஒரு துளை வழியே திரும்பி வந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பின்னால் போகும்போது, குழாயின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிற போல்ட் கொஞ்சம் திரும்பிப் பூட்டை விட்டுக் கழன்று பின்னுக்கு ஓடும். ஓடுகிற போக்கில் இவனுடைய கொக்கி காலித் தோட்டாவைப் பல்லில் கவ்வி வெளியே இழுக்கும். ஒரு சின்ன முளை அதைத் தட்டி வெளியே எறியும். பின்னாலிருக்கிற ஸ்பிரிங் போல்ட்டைத் திரும்ப முன்னே தள்ள, அது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துக் குழாய்க்குள் செருகிப் பூட்டிக்கொள்ளும். கண்ணிமைப்பதற்குள் இவ்வளவும் நடந்து முடியும். ஒற்றைக் கொக்கியிலிருந்து முழுத் துப்பாக்கியையும் அவன் மனசுக்குள் பூட்டி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. முடித்த அன்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சொல்லிக்கொள்ள ஆள் இல்லை என்பதால் சுவர் ஓட்டைக்குப் பக்கத்தில் போய் இரண்டு தடவை இருமிவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூர் பஸ் நிலையத்தில் இருக்கும் ஒரு ரூபாய் போனிலிருந்து ஊர் மளிகைக் கடைக்குப் பேசுவான். ராசாத்தி அங்கே வந்து காத்திருப்பாள்.

"என்னங்க வேலை பாக்குறீங்க இப்ப?"

"இரும்பு வேலைதான்."

"என்ன இரும்பு?"

"சின்ன இரும்பு."

"அது எதுக்காம்?"

"தெரியாது."

"பதினாலு மாசமா ஒரு மனுசன் என்ன செய்றோம்னே தெரியாமயா செய்வான்? லீவும் தரமாட்டாங்க, வேலையும் சொல்லமாட்டீங்க."

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. "கம்பெனிக்குப் போன் போட்டேன்" என்றாள். "ஒரு பொம்பள எடுத்துச்சு. அந்தப் பேருல இங்க யாரும் இல்லைன்னு சொல்லிட்டு வச்சிருச்சு. எங்க இருக்கீங்க நீங்க? பெங்களூர்ல யார்கூட இருக்கீங்க?"

போனை எடுத்தது மணிமேகலை. கம்பெனியின் தொலைபேசியில் உட்கார்ந்திருப்பவள். இரகசியப் பிரிவில் இருப்பவர்களைப் பற்றி யார் கேட்டாலும் சொல்ல வேண்டிய பதிலை இயக்குநரகம் ஒரு அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருந்தது. அவள் அதைப் பார்த்துப் படித்திருக்கிறாள். இதை ராசாத்திக்கு எப்படி விளக்குவது? விளக்குவதும் விதிமீறல்.

"பங்குனிப் பொங்கலுக்கு வந்து மூஞ்சியக் காட்டுங்க" என்றாள் ராசாத்தி. "வரலைன்னா எங்கண்ணன் வந்து என்னையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிருவான். அப்புறம் நீங்க வந்தாலும் வீட்டுல ஆள் இருக்காது." அவள் அழவில்லை. அவனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாளே அசோக்குமாரிடம் போய் விடுப்புக் கேட்டான். அவர் நல்ல மனிதர். சொந்தக் கம்பெனிக்குள் நடக்கவே அனுமதிச் சீட்டு வாங்குகிற நிலைமைக்கு ஆளாகியிருந்தார்.

"பரமசிவம், இரகசியப் பிரிவு ஆளு அம்பது கிலோமீட்டர் தாண்டணும்னா அறியாமைச் சான்றிதழ் வேணும்ப்பா" என்றார். "நீ செய்யிற பொருளைப் பத்தி உனக்கு எதுவுமே தெரியாதுன்னு கமிட்டி டெஸ்ட் பண்ணி எழுதிக் கொடுக்கணும். தெரியாதவன் போகலாம். தெரிஞ்சவன் போகக் கூடாது."

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"அதை நீ சொல்லக் கூடாது. உனக்குத் தெரியாதுங்கிறது உனக்கு எப்படித் தெரியும்னு கேட்பாங்க."

தேர்வுக்குத் தேதி கொடுத்தார்கள். பங்குனிப் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. அன்று சாயங்காலம் ஓசூரிலிருந்து திருநெல்வேலி போகிற பஸ்ஸில் பரமசிவம் இடம் பதிவு செய்து வைத்தான். வினிதாவுக்கு ஒரு பச்சைக் கலர் பாவாடை சட்டை வாங்கினான். பதினாலு மாதத்தில் எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று குத்துமதிப்பாகக் கையால் காட்டிக் கேட்டு வாங்கியது.

கேட்டில் காவலுக்கு இருந்த திம்மராயன்தான் அவனுக்குப் பயிற்சி கொடுத்தார். கம்பெனி நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் ராகி விதைத்தவர். இப்போது அதே நிலத்துக்குள் போகிற வருகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்புகிறார். மதிய இடைவேளையில் பரமசிவத்தை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு, "துப்பாக்கி" என்பார். பரமசிவம் அசையாமல் நிற்க வேண்டும்.

"கண்ணு ஆடுது சாமி" என்பார் திம்மராயன். "வாயி தெரியாதுன்னு சொல்லிகினு கீது, கண்ணு தெரியும்னு சொல்லுது. மாடு விக்கறப்போ பாரு, சுழி கெட்ட மாட்டைப் புடிச்சுகினு நிப்பானே, அவன் மூஞ்சி மாதிரி வச்சுக்கோ. ஒண்ணும் தெரியாது, ஒண்ணும் கேக்காது."

இதற்கு நடுவில்தான் புது வரைபடம் வந்தது. கொக்கியின் வாய் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்க வேண்டும் என்று பழைய தாளில் தெளிவாக எழுதியிருந்தது. புதுத் தாளில், இயக்குநரகத்தின் ஊதா நிற 'இரகசியம்' முத்திரை, சரியாக அந்த எண்ணின் தலைமேல் விழுந்திருந்தது. கீழே இருக்கிற எண் தெரியாததால் யாரோ ஒரு குமாஸ்தா பக்கத்தில் தோராயமாக ஒன்றை எழுதியிருந்தார். அதன்படித் தீட்டினால் கொக்கியின் வாய் உள்பக்கம் சாயாமல் ஒரு துளி வெளிப்பக்கம் சாயும்.

பரமசிவம் அதை அசோக்குமாரிடம் காட்டினான். "சார், முத்திரைக்கு அடியில வேற நம்பர் இருக்கு."

அசோக்குமார் தாளைத் தூரமாகப் பிடித்துக்கொண்டார். "அடியில இருக்கிறதைப் பாக்க நமக்கு அனுமதி இல்லப்பா. மேல இருக்கிறதைச் செய்."

செய்தான். செய்து, பழைய கொக்கியிலும் புதுக் கொக்கியிலும் துணி சுற்றிய தோட்டாவை மாட்டி உலுக்கிப் பார்த்தான். பழையது விடவே இல்லை. புதியதிலிருந்து நாலு உலுக்கில் தோட்டா நழுவிக் கீழே விழுந்தது. சும்மா உலுக்கியதற்கே இப்படி. சுட்டுச் சுட்டுக் குழாய் கொதிக்கும்போது பித்தளை உப்பிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கொக்கி வழுக்கிவிட்டு வெறுங்கையோடு பின்னால் வரும். காலித் தோட்டா குழாய்க்குள்ளேயே இருக்கும். அடுத்த தோட்டா வந்து அதன் முதுகில் இடிக்கும். துப்பாக்கி செத்துப் போகும். அதைக் கையில் வைத்திருக்கிறவன்?

அந்த ஆளுக்கு முகம் இல்லை, பெயர் இல்லை. ஆனால் பரமசிவத்துக்கு அவனைத் தெரியும் போல இருந்தது. பனியிலோ மணலிலோ தனியாக உட்கார்ந்திருக்கிறவன். ஊருக்குப் போக லீவு கேட்டுக் காத்திருக்கிறவன். குறையைச் சொல்ல வேண்டுமென்றால் கொக்கி எதற்கு என்பது தெரியும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் ஊர் இல்லை. முதலில் சான்றிதழை வாங்கி ஊருக்குப் போய் வந்துவிடலாம், வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். புதுக் கொக்கிகள் எட்டாயிரமும் பெட்டிகளில் அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

தேர்வு நாள் வந்தது. காலையிலேயே ஒரு லாரி கேட்டுக்குள் வந்து நின்றது. பெட்டிகள் அன்றைக்கே போகின்றன என்று திம்மராயன் சொன்னார். பரமசிவம் ஊர்ப் பையைத் திம்மராயனின் காவல் கூண்டில் வைத்துவிட்டுக் கமிட்டி அறைக்குள் போனான்.

பூபதி நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் அசோக்குமார். இன்னொரு பக்கம் இயக்குநரகத்தின் தொழில்நுட்ப நிபுணர் ஹரீஷ்குமார், துப்பாக்கியைப் பற்றி எழுநூறு பக்கம் படித்துத் தேறிய இளைஞர். துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கான அனுமதி அவருக்கு முந்தின நாள்தான் வந்திருந்தது.

முதலில் படங்கள். ஹரீஷ்குமார் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். பசுமாடு.

"தெரியாது சார்" என்றான் பரமசிவம்.

பூபதி பேனாவை வைத்தார். "இந்த ஆளு ஓவராப் போறாரு" என்றார். "பாருங்க பரமசிவம், மாடு தெரியாதவனை நாங்க நம்ப முடியாது. தெரிய வேண்டியது தெரிஞ்சிருக்கணும், தெரியக் கூடாதது தெரிஞ்சிருக்கக் கூடாது. எது தெரியக் கூடாதுன்னு மட்டும் உங்களுக்குத் தெரியக் கூடாது. ரொம்ப சிம்பிள். நான் இருபத்திரண்டு வருஷமா இந்த இயக்குநரகத்துல இருக்கேன். இன்னிக்கு வரைக்கும் துப்பாக்கில எந்தப் பக்கம் குண்டு வரும்னு எனக்குத் தெரியாது. ஆறு டைரக்டர் மாறிட்டாங்க, நான் மாறல. ஏன்? தெரிஞ்சவனெல்லாம் கேள்வி கேட்டான், போயிட்டான்."

மறுபடி மாடு. "மாடு சார்." குடம். "குடம் சார்." கொக்கி.

பரமசிவம் சுழி கெட்ட மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனை நினைத்துக்கொண்டான். "தெரியாது சார்."

பூபதி திருப்தியாகக் குறித்துக்கொண்டார். அடுத்தது செயல்முறைத் தேர்வு. மேஜைமேல் துப்பாக்கியை எடுத்து வைத்தார்கள். பரமசிவம் முதல் தடவையாக அதைப் பார்த்தான். அவன் மனசுக்குள் பூட்டி வைத்திருந்த அதே துப்பாக்கி. பிஸ்டன் இருக்க வேண்டிய இடத்தில் பிஸ்டனுக்கான குழாய். காலித் தோட்டா வெளியே விழ வேண்டிய இடத்தில் ஜன்னல். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

ஹரீஷ்குமார் அன்று போகிற பெட்டியிலிருந்து ஒரு கொக்கியை எடுத்து அதில் மாட்டியிருந்தார். மருந்தில்லாத பொய்த் தோட்டாக்களை மேகசினில் போட்டுக் கைப்பிடியை இழுத்து இழுத்து விடுவார். பரமசிவத்தின் கண் எங்கே போகிறது என்று பூபதி பார்ப்பார். ஒரு தோட்டா வந்து வெளியே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதில் 'கிளுக்' என்று ஒரு சத்தம். கொக்கி வழுக்கியது. பழைய தோட்டா உள்ளேயே நிற்க, புதியது அதன் பின்னால் இடித்து நின்றது.

ஹரீஷ்குமார் இழுத்தார். வரவில்லை. அசோக்குமார் இழுத்தார். வரவில்லை. பூபதி எழுந்து வந்து துப்பாக்கியைத் தூக்கிக் குழாயின் வாயைத் தன் கண்ணுக்கு நேராக வைத்து உள்ளே பார்த்தார். "இருட்டா இருக்கு" என்று அறிவித்தார்.

"சார், இது... ஜாம் ஆயிருச்சு" என்றார் ஹரீஷ்குமார்.

"ஃபாரத்துல அப்படி ஒரு கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ ஆகல. எழுதுங்க, செயல்முறைத் தேர்வு இனிதே முடிந்தது." பூபதி உட்கார்ந்து, கெட்டித் தாளில் அச்சடித்த சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். மேற்படியார் எதுவும் அறியாதவர் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது. "கங்கிராட்ஸ்" என்று சொல்லி அதை நீட்டினார்.

பரமசிவம் வாங்கிக்கொண்டான். கதவு வரைக்கும் போனான். வெளியே லாரியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். திம்மராயனின் கூண்டில் அவனுடைய பை தெரிந்தது. உள்ளே மேஜையைச் சுற்றி மூன்று பேர் அந்தத் துப்பாக்கியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அதுவும் வெளிச்சமான அறையில், யாரும் சுடாத இடத்தில்.

அவன் திரும்பி வந்தான். சான்றிதழை மேஜைமேல் வைத்தான். மேகசினைக் கழற்றினான். இடித்துக்கொண்டு நின்ற தோட்டாவை விரலால் தட்டி விழவிட்டான். துப்பாக்கிப் பெட்டியிலிருந்த துடைக்கும் கம்பியை எடுத்துக் குழாயின் முன்பக்கமாக விட்டு ஒரு தள்ளு தள்ளினான். உள்ளே சிக்கியிருந்தது பின்னால் வந்து மேஜையில் உருண்டது.

"கோணம் தப்பு சார்" என்றான். "கொக்கி வெளியே சாயுது, பிடிக்காது. நம்பரு மேல உங்க முத்திரை விழுந்திருச்சு. லாரிய நிறுத்துங்க சார். அது போனா யாராவது செத்துப் போவாங்க."

பூபதி சான்றிதழைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் கோபப்படவில்லை. குழந்தை கீழே விழுந்ததைப் பார்த்தவர் போல வருத்தப்பட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே பரமசிவம்" என்றார்.

குறையைப் பற்றிய தகவல் அங்கேயே 'மிக மிக இரகசியம்' என்று வகைப்படுத்தப்பட்டது. வரைபட அலுவலகத்துக்கு 'இரகசியம்' வரைக்கும்தான் படிக்க அனுமதி என்பதால் அவர்களுக்கு அதை அனுப்ப வழியில்லாமல் போயிற்று. இரகசியமான காரணத்துக்காக லாரியை நிறுத்தினால் காரணம் வெளியே தெரிந்துவிடும் என்று பூபதி விளக்கினார். ஹரீஷ்குமார் எழுந்து வெளியே போனார். பத்து நிமிடத்தில் லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கினார்கள். எட்டாயிரத்துக்கும் லேபிள் கோணலாக ஒட்டப்பட்டிருப்பதாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார். லேபிள் கோணலுக்கு ஃபாரத்தில் கட்டம் இருந்தது. திரும்பி வரும்போது அவர் பரமசிவத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

அறிந்தவர்களுக்கான விதிகள் வேறு. அறிந்தவர் கம்பெனி வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. கடிதம் எழுதக் கூடாது. போன் பேசக் கூடாது. வேலையை விட வேண்டுமானால், அறிந்ததை மறந்துவிட்டதாக மூன்று வருடம் கழித்து வேறொரு தேர்வு எழுத வேண்டும். தகர அறைக்குப் பின்னால் ஒரு கட்டில் போட்டு, 'அறிந்தோர் விடுதி' என்று பலகை மாட்டினார்கள். விடுதியில் அவன் ஒருவன்தான். திம்மராயன் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "சொல்லாம போயிருக்கலாம் சாமி" என்றவர், கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "சொன்னதும் நல்லதுதான்" என்று போய்விட்டார்.

மறுநாளிலிருந்து எட்டாயிரம் கொக்கிகளும் சுவர் ஓட்டை வழியாகத் திரும்பி வந்தன. புது லேபிள் ஒட்டுவதற்காக. வரைபடத்தை யாரும் திருத்தவில்லை. பரமசிவம் ஒவ்வொன்றையும் எடுத்து, சாணைக்கல்லில் வைத்து, வாயைப் பழைய கோணத்துக்குத் தீட்டினான். உலுக்கிப் பார்த்துவிட்டு லேபிள் ஒட்டினான். கொக்கியின் கோணத்தைப் பார்க்க வேறு யாருக்கும் அனுமதி இல்லாததால் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. இந்த அறையில் வேறொருவனை உட்கார வைத்தால் அவன் தாளில் உள்ளபடி செய்து வெளியே தள்ளிவிடுவான். அது பரமசிவத்துக்குத் தெரிந்திருந்தது.

பங்குனிப் பொங்கல் வந்து போயிற்று. ராசாத்திக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லித் திம்மராயனிடம் கேட்க நினைத்தான். அவரையும் அறிந்தவராக்கி இன்னொரு கட்டில் போடுவார்கள் என்று கேட்கவில்லை. பச்சைப் பாவாடை பைக்குள் மடித்தபடி இருந்தது. இருமிப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் மாறிவிட்டிருந்தார் போல, பதில் வரவில்லை. ஆள் இல்லாத ஊரில் கூட நாய் இருக்கும், அவனுக்கு அதுவும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை பூபதி தகர அறைக்குள் ஒரு தொலைபேசியை வைக்க ஏற்பாடு செய்தார். மணிமேகலை இத்தனை நாள் சொல்லி வந்த பதிலில் ஒரு சட்டச் சிக்கல் இருப்பதை இயக்குநரகம் கண்டுபிடித்திருந்தது.

"அந்தம்மாவுக்கு உள்ள யாரு இருக்கான்னே தெரியாது" என்றார் பூபதி. "தெரியாதவங்க இல்லைன்னு சொன்னா அது வெறும் அறியாமை. தெரிஞ்சவன் இல்லைன்னு சொன்னாத்தான் அது இரகசியம். இனிமே இந்தப் பிரிவுக்கு வர்ற போனையெல்லாம் நீங்கதான் மறுக்கணும். இது ஒரு பதவி உயர்வு மாதிரி எடுத்துக்குங்க. சரியா மறுக்கலைன்னா உங்களை இந்த ரூமை விட்டு மாத்திட்டு வேற ஆளைப் போடறதா இருக்கு."

அச்சடித்த அட்டையை எதிரே சாய்த்து வைத்துவிட்டு, முதல் அழைப்பைச் சோதிப்பதற்காகப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு மணி அடித்தது. மணிமேகலை இணைப்பைக் கொடுத்தாள்.

"அலோ, சூளகிரி கம்பெனிங்களா?"

பின்னால் மளிகைக் கடைத் தராசின் சத்தம் கேட்டது.

"ஆமா" என்றான் பரமசிவம்.

"அங்க பரமசிவம்னு ஒருத்தர் வேலை பாக்குறாரான்னு கேக்கணும். கழுகுமலைப் பக்கத்து ஆளு. இன்னிக்கு எங்கண்ணன் வந்திருக்கான். அதான், கடைசியா ஒருவாட்டி கேட்டுரலாம்னு."

பூபதி அட்டையின்மேல் விரலை வைத்தார். பரமசிவம் ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்த தட்டுகளைப் பார்த்தான். இன்னும் தீட்டாத கொக்கிகள் மூவாயிரத்துக்கு மேல் இருந்தன.

"அந்தப் பெயரில் இங்கே யாரும் பணிபுரியவில்லை" என்று படித்தான்.

பத்து வருடம் அந்தக் குரலோடு குடும்பம் நடத்தியவள். போனை வைத்துவிட்டாள் என்றுதான் அவன் நினைத்தான்.

"சரிங்க" என்றாள் ராசாத்தி. அவள் குரல் மெல்ல இறங்கியிருந்தது. "அப்படி ஒருத்தர் என்னைக்காச்சும் அங்க வேலைக்குச் சேந்தார்னா ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. வினிதா இப்பத் தானாவே சடை பின்னிக்கிடுறா. உடம்பைப் பாத்துக்கிடச் சொல்லுங்க. நெஞ்சுச் சளி இருக்கும் அவருக்கு."

போன் வைக்கப்பட்டது. பூபதி பதிவேட்டைத் திறந்து, 'அழைப்பு திருப்திகரமாக மறுக்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி அவன் பக்கம் திருப்பினார். பேனாவைப் பிடித்துக்கொண்டு, பெயர் எழுதவா என்று பரமசிவம் கேட்டான்.

"பேர் வேண்டாம்" என்றார் பூபதி. "அந்தப் பேர்ல யாரும் இல்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க."